பாக்கி எத்தனை வருஷம்? அமெரிக்க ஃபுட்பாலின் பக்கவாட்டுக் கதவு!

2002-ம் ஆண்டு. கலிஃபோர்னியாவின் வடபகுதியில் ஒரோவில் என்கிற சிறிய ஊர். அங்கே ப்யூட் கல்லூரி என்று இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதன் ஃபுட்பால் அணியில் ஆடிய காரெட் கிராஸ் என்ற வீரர் மீது பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு கண். அவரைத் தங்கள் அணிக்கு இழுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார் பெர்க்லியின் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்டு. ஆனால், கிராஸை விட்டுவிட்டு அவர் பார்வை வேறொருவர் மேல் போய் நின்றது. கிராஸுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்த ஒல்லிப் பையன்தான் அந்த வேறொருவர்.

அந்தப் பையன் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ப்யூட் கல்லூரியில் சேர்ந்தார். டெட்ஃபோர்டு கண்ணில் பட்டதும் அடுத்த ஆண்டே பெர்க்லிக்குப் போனார். 2005-ல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லுக்குத் தேர்வானார். சூப்பர் பவுல் கோப்பை ஒன்று, லீகின் மிகச்சிறந்த வீரர் விருது நான்கு முறை. பெயர் ஆரன் ராட்ஜர்ஸ்.

வேறு ஒருவரைத் தேடிப்போய் இவரைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எல்லோரும் ரசிக்கும் இடம். ஆனால், பயிற்சியாளர்கள் வேறொரு விவரத்தைக் கவனிப்பார்கள். ராட்ஜர்ஸ் ப்யூட்டில் ஓர் ஆண்டுதான் இருந்தார். பெர்க்லிக்குப் போகும்போது அவர் கையில் இன்னும் மூன்று சீசன் பாக்கி இருந்தது. இந்த உலகத்தில் ஒரு வீரரின் மதிப்பைத் தீர்மானிப்பது அந்த ‘பாக்கி’தான்.

முதலில் இது எந்த ஃபுட்பால்?

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைத்துவிட வேண்டாம். இது ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். எதிரணியினர் மேலே பாய்ந்து ஆளைக் கீழே தள்ளுவார்கள். அதற்குள் முன்னேற வேண்டும். அணியின் மூளையாக நின்று பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். முன்வரிசையில் சுவர்போல நிற்கும் குண்டு ஆட்களுக்கு லைன்மேன் என்று பெயர்.

அங்கே கல்லூரி ஆட்டம் என்பது நம்மூர் இன்டர்-காலேஜ் போட்டி மாதிரி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். சனிக்கிழமை ஆனால் ஊரே அங்கே போய் உட்கார்ந்துவிடும். டிவி ஒப்பந்தங்கள் கோடிக்கணக்கான டாலரில் நடக்கின்றன. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர், அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர்தான். என்.எஃப்.எல்-லுக்குப் போக விரும்பும் பையனுக்கு இந்தப் பல்கலைக்கழகங்கள்தான் நெடுஞ்சாலை.

அந்த நெடுஞ்சாலையில் பக்கவாட்டிலிருந்து ஏறுகிற பாதைதான் ஜூனியர் காலேஜ். சுருக்கமாக ‘ஜூகோ’ என்பார்கள். கட்டணம் குறைவு, சேர்க்கை சுலபம், இரண்டாண்டில் ‘அசோசியேட்’ பட்டம். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வதை ‘லேட்டரல் என்ட்ரி’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோலத்தான். இங்கிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். இந்தக் கல்லூரிகளின் விளையாட்டை நிர்வகிக்க 1938-லிருந்து தேசிய ஜூனியர் காலேஜ் விளையாட்டுச் சங்கம் இருக்கிறது. கலிஃபோர்னியா மட்டும் தனக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கிறது.

ஜூகோவுக்கு யார் போகிறார்கள்? பெரும்பாலும் மார்க் குறைந்தவர்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்குச் சில நிபந்தனைகள் உண்டு. பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் குறைந்தபட்ச சராசரி 2.3 இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் முதலாண்டில் களமிறங்க முடியாது. அடுத்து, ராட்ஜர்ஸ் மாதிரி படிப்பு சரியாக இருந்தும் யார் கண்ணிலும் படாதவர்கள். அப்புறம், பெரிய இடத்தில் சேர்ந்து, அங்கே ஏதோ ஒன்று கோளாறாகி, கீழே இறங்கி வருபவர்கள். இவர்களைச் செல்லமாக ‘பவுன்ஸ்-பேக்’ என்கிறார்கள்.

ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம்

என்.சி.ஏ.ஏ-வில் வெகுகாலமாக இருந்துவரும் கணக்கு இது. ஒரு மாணவர் ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அந்த ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம். முக்கியமான வார்த்தை ‘ஏதாவது ஒரு’. ஜூகோவில் சேர்ந்தாலும் கடிகாரம் ஓடும். அங்கே ஆடிய சீசனும் கணக்கில் கழியும்.

ஆக, இரண்டு வருஷமும் ஜூகோவில் ஆடிவிட்டு வரும் ஒருவரிடம் மிச்சமிருப்பது மூன்று ஆண்டு, இரண்டு சீசன். பயிற்சியாளர்கள் பாஷையில் ‘மூன்றுக்கு இரண்டு’. காயம் காரணமாக ஒரு சீசன் உட்கார்ந்திருந்தால் ‘மூன்றுக்கு மூன்று’. அப்படிப்பட்டவருக்கு மவுசு அதிகம். காயம்பட்டவருக்கு மதிப்பு கூடுவது வேடிக்கைதான். ஆனால் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

சரி, பாக்கி குறைவாக இருக்கும் ஆளைப் பெரிய பல்கலைக்கழகம் ஏன் தேடி வர வேண்டும்? வயதுதான் காரணம். பள்ளி முடித்து வரும் 18 வயதுப் பையன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், 22 வயது ஆட்களோடு மோத உடம்பு தயாராக இரண்டு வருஷம் ஆகும். குறிப்பாக லைன்மேன்களுக்கு. ஜூகோவிலிருந்து வருபவருக்கு 20 வயது. எடை ஏறியிருக்கும், கல்லூரி மட்டத்தில் அடிவாங்கிப் பழகியிருப்பார். ‘அடுத்த செப்டம்பரில் இந்த இடத்தில் நிற்க ஆள் வேண்டும்’ என்ற அவசரத்தில் இருக்கும் பயிற்சியாளருக்கு அவர் ரெடிமேட் சட்டை.

அதனால் வருபவர்கள் முதலில் கேட்பது ஆட்ட வீடியோவை அல்ல, மதிப்பெண் பட்டியலை. பள்ளியில் தகுதி பெறாதவர் என்றால் ஜூகோவில் அசோசியேட் பட்டம் முடித்தே ஆக வேண்டும். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் பாடங்களில் சராசரி 2.5 வேண்டும். உடற்கல்வி வகுப்புகளை வைத்து எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டுவதற்கும் வரம்பு இருக்கிறது. ஒரு பாடம் குறைந்தாலும் மொத்தமும் போச்சு. வீடியோவில் புலியாகத் தெரியும் எத்தனையோ பேர், ஒரு கணிதப் பாடத்தில் கவிழ்ந்து அதோடு காணாமல் போயிருக்கிறார்கள்.

பட்டியல் சரியாக இருந்தால் அடுத்தது காலண்டர். எந்த மாதத்தில் பட்டம் வாங்குவார்? டிசம்பரில் முடித்தால் ஜனவரியில் பல்கலைக்கழகத்தில் சேரலாம், வசந்தகாலப் பயிற்சி முழுக்கக் கிடைக்கும். மே மாதம் முடித்தால் கோடையில் வந்து, நேராக சீசனுக்குள் குதிக்க வேண்டும். இரண்டே சீசன் பாக்கி உள்ளவருக்கு அந்த ஆறு மாதம் பெரிய வித்தியாசம். ‘டிசம்பர் கிராஜுவேட்’ என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு.

இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று பள்ளிப் பையனைத் தேர்ந்தெடுக்கும். மார்க் போதாது என்று தெரியவரும். ‘நீ போய் அந்த ஜூகோவில் இரண்டு வருஷம் இரு தம்பி, அப்புறம் கூப்பிட்டுக்கொள்கிறோம்’ என்று அனுப்பிவைப்பார்கள். காரை பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் போவது மாதிரி. ஆனால், இரண்டு வருஷத்தில் அந்தப் பையனைவிட நல்லவர் கிடைத்துவிடலாம். பயிற்சியாளரையே பல்கலைக்கழகம் வேலையை விட்டுத் தூக்கியிருக்கலாம். காரை எடுக்க யாரும் வராமலும் போகலாம். வாய்ச்சொல்லை நம்பிப் போனவருக்கு அதில் கேட்க ஒன்றுமில்லை.

கான்சாஸ் மந்திரவாதி

ஜூகோ வீரர்களை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் சொல்லச் சொன்னால், பழைய ஆட்கள் பில் ஸ்னைடர் பெயரைச் சொல்வார்கள். 1989-ல் அவர் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றபோது, அந்த அணி நாட்டின் மிக மோசமான பெரிய அணி. முதல்தரக் கல்லூரி ஃபுட்பாலில் முதன்முதலில் 500 தோல்விகளைத் தொட்ட ‘பெருமை’ அதற்கு உண்டு. 1986-க்குப் பிறகு ஓர் ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. பல்கலைக்கழகம் இருந்த ஊரின் பெயர் மன்ஹாட்டன். நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் மன்ஹாட்டன். தேசம் முழுக்கத் தேடப்படும் நட்சத்திரப் பள்ளி மாணவர் அங்கே ஏன் போகப்போகிறார்?

ஸ்னைடர் அவர்களுக்காக மல்லுக்கட்டவில்லை. அவர் மாநிலத்திலேயே ஜூகோ அணிகள் வரிசையாக இருந்தன. காஃபிவில், கார்டன் சிட்டி, ஹட்சின்சன், பட்லர், டாட்ஜ் சிட்டி என்று சின்னச்சின்ன ஊர்கள். மற்றவர்கள் ‘இது குறுக்குவழி, நாளைக்கே ஆள் தீர்ந்துபோவார்கள்’ என்று ஒதுக்கிய இடத்தில் அவர் நிரந்தரமாகக் கடை விரித்தார். பக்கத்து மாநிலங்களிலும் தேடினார்.

அப்படிக் கிடைத்தவர்தான் மைக்கேல் பிஷப். டெக்சாஸில் உள்ள பிளின் கல்லூரிக்கு 1995, 1996 என இரண்டு ஆண்டும் ஜூகோ தேசிய சாம்பியன்ஷிப் வாங்கிக்கொடுத்த குவார்ட்டர்பேக். கான்சாஸ் ஸ்டேட்டில் அவருக்கு இருந்தது இரண்டே சீசன். இரண்டாவது சீசனான 1998-ல் அணி முதல் 11 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக ஜெயித்தது. கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் பிஷப் இரண்டாமிடம். பத்து வருஷம் முன்பு வரை கேலிப்பொருளாக இருந்த அணி அது. இன்று அங்கே மைதானத்துக்கே ஸ்னைடர் குடும்பத்தின் பெயர்தான்.

பிளின் கல்லூரி இருக்கும் பிரென்ஹம், அமெரிக்கர்களுக்கு ‘புளூ பெல்’ ஐஸ்கிரீமின் ஊர். ஃபுட்பால்காரர்களுக்கு கேம் நியூட்டனின் ஊர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் டிம் டீபோ என்ற நட்சத்திரத்துக்கு மாற்று ஆளாக இருந்தார் நியூட்டன். 2008-ல் லேப்டாப் திருட்டு வழக்கு ஒன்றில் கைதானார். பின்னர் அந்த வழக்கு கைவிடப்பட்டது. ஆனால், ஃப்ளோரிடாவை விட்டு பிளினுக்கு வந்துவிட்டார். 2009-ல் ஜூகோ தேசிய சாம்பியன். 2010-ல் ஆபர்ன் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. அங்கே ஆடியது ஒரே ஒரு சீசன். 14 ஆட்டங்களில் 14 வெற்றி, தேசியப் பட்டம், ஹைஸ்மன் கோப்பை. 2011 என்.எஃப்.எல் தேர்வில் முதல் ஆளாக அழைக்கப்பட்டார். ஒரு ஜூகோ வீரரிடம் ஒரே ஒரு வருஷத்தை வாங்கிய பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த லாபம் இது.

இன்னொரு வேடிக்கையான உதாரணம், ஜெஸ்ஸி வில்லியம்ஸ். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்காரர். அரிசோனா வெஸ்டர்ன் என்ற ஜூகோவுக்கு வந்து, அங்கிருந்து அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டு சீசன், 2011-லும் 2012-லும் தேசியப் பட்டம்.

“பென்சில் இருக்கா?”

இந்த உலகத்தை வெளியாட்களுக்குக் காட்டியது நெட்ஃபிளிக்ஸ். 2016-ல் வெளியான ‘லாஸ்ட் சான்ஸ் யூ’ தொடரின் முதல் இரண்டு சீசன்கள், ஈஸ்ட் மிசிசிப்பி கம்யூனிட்டி காலேஜில் படமாக்கப்பட்டன. ஊர் ஸ்கூபா. மக்கள்தொகை ஆயிரத்துக்கும் கீழே. ஆனால், அந்தக் கல்லூரியின் அலமாரியில் ஐந்து தேசியக் கோப்பைகள்.

தொடர் வெளியானதும் ரசிகர்கள் மனதில் அதிகம் தங்கியவர் வீரரும் அல்ல, பயிற்சியாளரும் அல்ல. பிரிட்டனி வாக்னர் என்ற கல்வி ஆலோசகர். ஆறடிக்கு மேல் வளர்ந்த பையன்களிடம் ‘வகுப்புக்குப் போனியா, பென்சில் வெச்சிருக்கியா’ என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர். சிரிக்கத் தோன்றும். ஆனால், மேலே சொன்ன 2.5 சராசரியை யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் சனிக்கிழமை எத்தனை பேரைக் கீழே தள்ளினாலும், புதன்கிழமை காலை வகுப்பில் உட்காரவில்லை என்றால் அலபாமாவும் இல்லை, ஆபர்னும் இல்லை.

கலிஃபோர்னியாவில் நிலைமை இன்னும் கடினம். அங்குள்ள கம்யூனிட்டி கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை கொடுக்க முடியாது. மற்ற மாநிலங்களில் முதல்நிலை ஜூகோ அணிகள் 85 பேர் வரை உதவித்தொகை கொடுக்கலாம். இங்கே பூஜ்யம். விடுதியும் பெரும்பாலும் கிடையாது. அந்தத் தொடரின் ஐந்தாவது சீசன், ஓக்லாந்து நகரின் லேனி கல்லூரியில் எடுக்கப்பட்டது. வீடில்லாமல் காரிலேயே தூங்கி எழுந்து, வேலைக்கும் போய், பயிற்சிக்கும் வந்த வீரரை அதில் பார்க்கலாம். அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் பீம், பல தலைமுறைப் பையன்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைத்தவர். 2025 நவம்பரில் லேனி வளாகத்திலேயே சுடப்பட்டு இறந்தார்.

ஜூகோ கதைகள் எப்போதும் நியூட்டன், ராட்ஜர்ஸ் என்று ஜெயித்தவர்களை வைத்தே சொல்லப்படுகின்றன. அது பாதிக் கதைதான். இந்தக் கல்லூரிகளில் பணம் குறைவு, மருத்துவக் கண்காணிப்பு குறைவு. 2018 ஆகஸ்டில் கான்சாஸின் கார்டன் சிட்டி கல்லூரியில் முதல் நாள் பயிற்சி முடிந்த இரவில், நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த 19 வயது வீரர் வெப்பத்தாக்கால் உயிரிழந்தார். வீட்டிலிருந்து நாட்டின் பாதி தூரம் கடந்து, ஒரு வாய்ப்புக்காக வந்த பையன். பிறகு நடந்த தனி விசாரணை, கல்லூரித் தரப்பின் குறைபாடுகளை வெளிச்சம்போட்டது.

அதே 2018-ல் அரிசோனாவில் மரிகோபா மாவட்டத்தின் நான்கு கம்யூனிட்டி கல்லூரிகள், செலவு தாங்கவில்லை என்று ஃபுட்பாலைக் கைவிடுவதாக அறிவித்தன. ஜெஸ்ஸி வில்லியம்ஸ் வந்து இறங்கிய அரிசோனா வெஸ்டர்னும் அந்த ஆண்டோடு அணியைக் கலைத்தது. பிரிஸ்பேனிலிருந்து இன்னொரு பையன் வந்தால், அந்தக் கதவு அங்கே இல்லை.

பக்கத்துக் கடை திறந்தது

2018 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. ஒரு கணினிப் பட்டியலைத் தொடங்கியது. ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கும் வீரர் அதில் பெயரைப் போட்டால் போதும், யார் வேண்டுமானாலும் தொடர்புகொள்ளலாம். அப்போது அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய விதி இருந்ததால் பலரும் தயங்கினார்கள். 2021-ல் அந்த விதி தளர்ந்தது. ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், படிப்பு சரியாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

இதற்கும் ஜூகோவுக்கும் என்ன சம்பந்தம்? அந்த அவசரப் பயிற்சியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் உடனடியாக 20 வயது லைன்மேன் வேண்டுமென்றால் ஸ்கூபாவுக்கோ ஹட்சின்சனுக்கோ வண்டி கட்டியாக வேண்டும். இன்று 21 வயதில், ஏற்கெனவே இன்னொரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடிய லைன்மேன் போர்ட்டலில் இருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் சிக்கலும் குறைவு. ஜூகோ வீரரிடம் மட்டுமே கிடைத்த சரக்கு, இப்போது பெரிய கடையிலேயே கிடைக்கிறது.

அதே 2021 ஜூலையில் பணமும் வந்தது. வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று அனுமதி. சுருக்கமாக என்.ஐ.எல். 2025 ஜூலையிலிருந்து நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதலாண்டு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். கூடவே ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. முன்பு உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து, அதைவிடப் பெரிய அணிகள் சகஜம். அந்த விளிம்பில் இருந்தவர்களுக்கு இடம் போனது. பள்ளியிலிருந்து வருபவர்களிலும் சிலரைக் குறைத்துக்கொண்டு, போர்ட்டலில் ஆள் எடுக்கிறார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள்? ஜூகோவுக்கு. மேலே போகும் வாசல் குறுகுகிறது, கீழே வரிசை நீள்கிறது.

பறக்கும் தட்டு ஊரிலிருந்து ஒருவர்

இந்த நேரத்தில்தான் டியேகோ பாவியா வருகிறார். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்கி நகரத்துப் பையன். குவார்ட்டர்பேக்குக்கு உயரம் போதாது என்பது பொதுவான கருத்து. பெரிய பல்கலைக்கழகம் எதுவும் சீண்டவில்லை. ராஸ்வெல்லில் இருக்கும் நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். வேற்றுகிரகவாசிகளின் பறக்கும் தட்டு விழுந்ததாகக் கதைகட்டிப் பிரபலமான அதே ராஸ்வெல். ராணுவச் சீருடை, காலையில் அணிவகுப்பு என்று கட்டுப்பாடான ஜூகோ. 2021-ல் அந்த அணியை தேசிய சாம்பியன் ஆக்கினார் பாவியா.

அடுத்து நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகம். பெரிய லீகின் கடைக்கோடி அணி. 2023 நவம்பரில் அவர்கள் ஆபர்னை அதன் சொந்த மைதானத்திலேயே 31-10 என்று அடித்தார்கள். ஆம், நியூட்டனின் அதே ஆபர்ன். பிறகு வாண்டர்பில்ட். நாஷ்வில் நகரில் உள்ள, படிப்புக்குப் பேர்போன பல்கலைக்கழகம். ஃபுட்பாலில் மற்றவர்கள் புள்ளி சேர்த்துக்கொள்ளும் அணி. 2024 அக்டோபர் 5 அன்று, நாட்டின் நம்பர் ஒன் அணியாக வந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. அலபாமாவை வாண்டர்பில்ட் வென்று அதற்கு முன் 40 வருஷம் ஆகியிருந்தது. மாணவர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி, தெருத்தெருவாகச் சுமந்துபோய் ஆற்றில் போட்டார்கள்.

கொண்டாட்டம் முடிந்ததும் கடிகாரம் குறுக்கே வந்தது. 2021-ல் ராஸ்வெல்லில் ஆடிய ஒரு சீசன், பின்னர் மூன்று. மொத்தம் நான்கு. கணக்குப்படி பாவியா 2024-டோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் அவர் என்.சி.ஏ.ஏ. மீது வழக்கு போட்டார்.

அவர் தரப்பு வாதம் எளிமையானது. ஜூகோ என்.சி.ஏ.ஏ-வின் உறுப்பினரே அல்ல. அங்கே டிவி வெளிச்சம் இல்லை, பெரிய விளம்பரப் பணம் இல்லை. இன்று ஒரு சீசன் என்பது சம்பாதிக்கும் வாய்ப்பு. சம்பாதிக்க வழியில்லாத இடத்தில் ஆடிய வருஷத்தைக் கழித்துக்கொள்வது, போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதச் செயல். டிசம்பர் 18 அன்று நாஷ்வில்லின் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் கேம்ப்பெல் பாவியாவுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டார். சில நாள்களில் என்.சி.ஏ.ஏ., பாவியாவைப் போலவே ஜூகோவில் ஆடி, அந்த ஆண்டோடு வாய்ப்பு முடியும் நிலையில் இருந்த மற்றவர்களும் 2025-26-ல் ஆடலாம் என்று ஓராண்டு விலக்கு அளித்தது.

கிடைத்த அந்த ஒரு வருஷத்தை பாவியா வீணாக்கவில்லை. 2025-ல் வாண்டர்பில்ட் தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு சீசனில் பத்து ஆட்டங்களை வென்றது. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் பாவியாவுக்கு இரண்டாமிடம், 1998-ல் பிஷப்புக்குக் கிடைத்த அதே இடம். ஆனால், பிஷப்புக்கு ஜூகோ வருஷங்களைக் கழித்தார்கள். பாவியாவுக்குக் கழிக்கவில்லை.

இது ஜூகோவுக்கு நல்ல செய்திதானே என்று தோன்றும். பாதிதான். ஜூகோ சீசன் கணக்கில் வராது என்றால், அங்கிருந்து வரும் வீரரின் மதிப்பு ஒரே நாளில் எகிறும். ‘மூன்றுக்கு இரண்டு’ என்ற முத்திரையே அழிந்துபோகும். படிப்பில் பின்தங்கி அங்கே போன பையன், போர்ட்டலில் நிற்பவரோடு சமமாகப் போட்டி போடலாம். ஆனால் 105 என்ற எண்ணிக்கை மாறப்போவதில்லை. 23, 24 வயதில் ஒருவர் இன்னொரு வருஷம் தங்கினால், 18 வயதில் ஒருவர் வெளியே நிற்கிறார். அவர் போய் நிற்பதும் அநேகமாக ஒரு ஜூகோ வாசலில்தான்.

பாவியாவைப் பார்த்து நாடு முழுக்கப் பல வீரர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சில நீதிபதிகள் அனுமதித்தார்கள், சிலர் மறுத்தார்கள். ஒரே மாதிரி வழக்கு, எந்த ஊர் நீதிமன்றம் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. என்.சி.ஏ.ஏ. அப்போது கொடுத்த விலக்கு, அந்த ஓர் ஆண்டில் வாய்ப்பு முடிகிறவர்களுக்கானது மட்டுமே. அதற்குப் பிறகு ஸ்கூபாவிலோ ஹட்சின்சனிலோ முதல்முறை ஹெல்மெட் மாட்டும் பையனைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்க்க வரும் பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்ப்பார். டிசம்பரா, மே மாதமா என்று விசாரிப்பார். பாக்கி எத்தனை வருஷம் என்றும் கேட்பார்.